வீடு குளிர எதில் கட்டுவது? மண், சுண்ணாம்பு, வைக்கோல் பற்றிக் கொஞ்சம் விவரமாக

"மண் வீடு குளிர்ச்சி, கான்கிரீட் வீடு சூடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதே மண்சுவரை, இரவிலும் வெக்கை இறங்காத ஈரக்காற்றுக் கடலோரத்தில் எழுப்பி ஜன்னலையும் சின்னதாக வைத்துவிட்டால், விடியும்வரை புழுங்கிக்கொண்டேதான் கிடக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் கட்டடத்தைக் குளிர்விப்பது பற்றிப் பேசும்போது, எது "குளிர்ச்சியான பொருள்" என்று கேட்பதே சரியான தொடக்கம் இல்லை என்று நினைக்கிறேன். வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது, அந்த வழியில் இந்தப் பொருள் எங்கே நிற்கிறது, ராத்திரி அதைக் குளிரவைக்க அந்த ஊரின் காற்றும் வானமும் ஒத்துழைக்குமா என்று கேட்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதற்கும் லேபிளைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

இதில் அவசரம் இருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் ஓடிக்கொண்டிருந்த ஏசிகள் சுமார் 160 கோடி. இப்படியே போனால் 2050-ல் அது 560 கோடியாகும் என்று அதே அறிக்கை சொன்னது. ஏசியும் மின்விசிறியும் சேர்ந்து உலக மின்சாரத்தில் அப்போதே ஏறக்குறைய 10 சதவீதத்தை எடுத்துக்கொண்டிருந்தன. ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை, அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. ஏசி வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் அந்தச் சூடு போய்ச் சேர்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தை வெறும் கட்டுமான நுணுக்கமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

சரி, கூரையிலிருந்து ஆரம்பிப்போம். தெளிந்த வானத்தில் உச்சிவெயில் அடிக்கும்போது ஒரு சதுர மீட்டர் மேல் விழும் ஆற்றல் ஏறக்குறைய 1,000 வாட். 100 சதுர மீட்டர் மொட்டை மாடி என்றால் 100 கிலோவாட். கருப்புத் தார் பூசிய தளம் அதில் 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு 20 சதவீதம்தான் உறிஞ்சும். உறிஞ்சியது எல்லாம் வீட்டுக்குள் இறங்கிவிடாது, பெரும்பகுதி காற்றுக்கே திரும்பும். ஆனாலும் கோடை மதியத்தில் கருந்தளம் 70 டிகிரியைத் தாண்டும்போது அதன் அடியில் இருக்கிறவர்களுக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 10, 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தில் மேலே ஏறிய சூடு கீழே வந்துசேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதனால்தான் வெயில் தாழ்ந்து வெளியே காற்று குளிர ஆரம்பித்த பிறகு, மாலை ஆறு ஏழு மணிக்கு, தலைக்கு மேலே தளம் அனலாக இறங்குகிறது. அறைக்காற்றின் வெப்பநிலையைவிட அந்தத் தளம் உடம்பின் மேல் வீசும் கதிர்வீச்சுதான் அப்போது நம்மைப் படுத்துவது. விசிறியை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் அது தீராததற்குக் காரணமும் அதுதான்.

ஆக முதல் வேலை, வெயிலைச் சுவரையும் தளத்தையும் தொடாமல் திருப்பி அனுப்புவது. இதற்கு மிகப் பழைய, மிக மலிவான, இன்றும் ஈடில்லாத பொருள் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலிருந்து கார்பன் டைஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து, லேசாக நனைத்த சுவரில் மெல்லியதாக அடிக்கிறோம். அடிக்கும்போது பார்த்தால் பூச்சே விழவில்லையோ என்று தோன்றும், தண்ணீர்போலச் சாம்பல் நிறத்தில் ஓடும். காயக் காயத்தான் வெள்ளை ஏறுகிறது. அப்படிக் காயும்போது நடப்பது வெறும் உலர்தல் மட்டும் இல்லை, அது காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது பழைய கல்லாகவே, மாறுகிறது. சூளையில் கல் விட்ட வாயுவில் பெரும்பங்கை இப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறது (சூளைக்கு எரித்த விறகின், கரியின் புகை திரும்பி வராது, அதையும் கணக்கில் வைக்க வேண்டும்). புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பிவிடும். அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. அதே காரம் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அடிக்கக் கூடாது. இரண்டு மூன்று மெல்லிய கைகளாக அடிப்பதுதான் முறை. கெட்டியாக ஒரே கையில் அப்பினால் உரிந்து விழும்.

இதன் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மழையில் கரையும், தூசி படியும், அடிக்கடி அடிக்க வேண்டும். அதனால் பலர் அக்ரிலிக் வெள்ளைப் பெயிண்டுக்குப் போகிறார்கள். அது ஒட்டி நிற்கும், ஆனால் அதுவும் தூசியில் மங்கும். 0.8 பிரதிபலிப்போடு (அதாவது வெயிலில் 80 சதவீதத்தைத் திருப்பியபடி) தொடங்கிய தளம் சில ஆண்டுகளில் 0.6 பக்கம் வந்துவிடுவது சாதாரணம். மேலும் அதன் பசை பிளாஸ்டிக், உதிரும்போது பிளாஸ்டிக் துகளாகத்தான் மண்ணுக்குப் போகும். எனக்குக் கேட்டால், கை எட்டுகிற, ஏறி அடிக்க வசதியான கூரைக்குச் சுண்ணாம்பு, ஏறவே முடியாத இடத்துக்குப் பெயிண்ட். பளபளவென்று இருக்கிற துத்தநாகத் தகட்டைப் பார்த்து "இதுதான் வெயிலைத் திருப்புகிறதே" என்று நினைத்துவிட வேண்டாம். உலோகம் ஒளியை ஓரளவு திருப்புகிறது, ஆனால் தான் வாங்கிய கொஞ்சச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடத் தெரியாது, அதனால் தேங்கிச் சுடும். அதே தகட்டின் மேல் வெள்ளையடித்தால் நிலைமை மாறிவிடும்.

வெள்ளை நிறம் ஒரு வட்டாரத்தையே மாற்றும் என்பதற்கு ஸ்பெயினின் அல்மேரியா ஒரு விசித்திரமான சாட்சி. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள். கோடையில் அவற்றின் மேல் வெள்ளையடிப்பது வழக்கம். 1983 முதல் 2006 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, சுற்றுவட்டாரம் பத்தாண்டுக்கு அரை டிகிரி வீதம் சூடாகிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் குடில்கள் இருந்த பகுதி மட்டும் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் குளிர்ந்திருந்தது தெரிந்தது. பிளாஸ்டிக் கடலைப் பரப்பச் சொல்லவில்லை. வெள்ளைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். நியூயார்க் 2009-லிருந்தும், அகமதாபாத் 2017-லிருந்தும் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் திட்டங்களை நடத்துவதும், தெலங்கானா 2023-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

ஆய்வுக்கூடங்களில் இப்போது நடப்பது இதற்கும் ஒரு படி மேலே. பூமியின் காற்றுமண்டலம் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர்களைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அந்தச் சந்து வழியாகக் கூரை தன் சூட்டை நேராக விண்வெளிக்கே அனுப்ப முடியும். இரவில் இது இயல்பாக நடப்பதுதான், பனி இறங்குவதற்கு அதுவே காரணம். பட்டப்பகலில் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் அஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபேன் குழு ஹாஃப்னியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தின் ஆக்சைடையும் சிலிக்காவையும் ஏழு மெல்லிய அடுக்குகளாக வைத்து, வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பி, நேர்வெயிலில் சுற்றுக்காற்றைவிட 4.9 டிகிரி குறைவாக நிற்கும் ஒரு பரப்பைக் காட்டியது. அழகான சாதனை, ஆனால் வீட்டுக்கூரைக்கு ஹாஃப்னியம் பூசப்போவது யார்? அதைவிட எனக்குப் பிடித்தவை அதன் பிறகு வந்த எளிய பொருள்கள். 2019-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மரத்திலிருந்து, நார்களை ஒட்டவைக்கும் லிக்னினை ஹைட்ரஜன் பெராக்சைடால் நீக்கி, மிச்சமிருக்கும் செல்லுலோஸை அழுத்தி, வெள்ளைவெளேரென்று ஒரு பலகை செய்தார்கள். அது எஃகோடு ஒப்பிடத்தக்க வலிமையோடு, பகலிலும் சூட்டை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஷியுலின் ருவான் குழு 2021-ல் பேரியம் சல்பேட் கொண்டு 98.1 சதவீத வெயிலைத் திருப்பும் பெயிண்டை அறிவித்தது செய்தியில் பெரிதாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு செய்த 95.5 சதவீதப் பெயிண்டைப் பலர் கவனிக்கவில்லை. அதில் இருந்தது கால்சியம் கார்பனேட், நம் சுண்ணாம்பு காய்ந்து ஆகிற அதே பொருள்தான். துகள்களின் அளவைப் பலவிதமாகக் கலந்து, அடர்த்தியை ஏற்றியதில்தான் வித்தியாசம்.

ஆனால் இந்த வானத்து வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்றில் நீராவி அதிகம் இருந்தாலோ மேகம் மூடினாலோ அந்தச் சந்து அடைபட்டுவிடும். வறண்ட ஊரில் எடுத்த எண்களைப் புழுக்கமான ஊரில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குளிர்காலம் நீண்ட ஊர்களிலோ, கோடையில் மிச்சமாவது குளிர்காலத்தில் சூடேற்றும் செலவில் கொஞ்சம் திரும்பப் போய்விடும்.

இனி சுவர். இங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது. வெப்பத்தைத் தடுப்பது வேறு, வெப்பத்தைத் தாங்கி வைத்திருப்பது வேறு. தக்கை, வைக்கோல், மரநார், பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த செல்லுலோஸ் ஆகியவை தடுக்கிறவை, உள்ளே அடைபட்ட காற்றுதான் அவற்றின் பலம். மண், கல், செங்கல், கான்கிரீட் ஆகியவை தாங்குகிறவை, எடைதான் அவற்றின் பலம். எண்ணில் சொன்னால் கான்கிரீட்டின் வெப்பக் கடத்துத்திறன் 1.6 பக்கம், தக்கைக்கு 0.04. அதாவது 5 சென்டிமீட்டர் தக்கைப் பலகை தடுக்கிற வெப்பத்தைத் தடுக்க 2 மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஆனால் அந்தத் தக்கையால் பகல் சூட்டை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது. 40 சென்டிமீட்டர் தடிமனுள்ள திமிசு மண்சுவரில் (ஈரமண்ணை அச்சுக்குள் கொட்டி இடித்து இறுக்கியது) ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 800 கிலோ. அதை ஒரு டிகிரி சூடேற்றவே 700 கிலோஜூல் வேண்டும். பகல் முழுக்க வெயில் முட்டி மோதியும் உள்பக்கம் சூடாவதற்குள் சூரியன் இறங்கிவிடுகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை 1964-ல் கெய்ரோவில் நடந்தது. மண்ணால் கட்டுவதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாதி அதைப் பதிவுசெய்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்று 50 சென்டிமீட்டர் தடிமனில் சுடாத மண்கல் சுவரும் மண்கல் வளைவுக்கூரையும் கொண்டது, இன்னொன்று 10 சென்டிமீட்டர் முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளால் ஆனது. மார்ச் மாதத்தில் 24 மணி நேரமும் அளந்து பார்த்ததில் மண் அறை 21-க்கும் 23-க்கும் இடையில் அசையாமல் நின்றது. கான்கிரீட் அறை 36 டிகிரிக்கு ஏறியது, வெளிக்காற்றைவிட 9 டிகிரி அதிகம்! நிழலுக்கென்று கட்டிய அறை வெளியைவிடச் சூடாக இருந்திருக்கிறது. இந்த எண்களை மண்ணின் பெருமைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒப்பிட்டது 50 சென்டிமீட்டரையும் 10 சென்டிமீட்டரையும் என்பதையும், பாலைவனத்தை ஒட்டிய அந்த ஊரில் இரவு நன்றாகக் குளிரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கனமான சுவர் கடன் வாங்குகிறது, இரவில் அடைத்தாக வேண்டும். இரவுக்காற்று சுவரைவிடப் பல டிகிரி குளிர்ந்திருந்து, ஜன்னல்கள் வழியாக உள்ளே புகுந்து அந்தச் சூட்டை வழித்துக்கொண்டு போனால்தான் மறுநாள் சுவர் மறுபடியும் வாங்கத் தயாராகும். 1996-ல் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் கட்டடம் வழக்கமான ஏசி இல்லாமல் இயங்குவதற்கு உலகம் முழுக்க, கறையான் புற்றின் காற்றோட்டத்தைப் பின்பற்றியதுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது. இரவுக் குளிர் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது, கட்டடம் அதை விசிறிகளால் உள்ளே இழுத்து நிறைத்துக்கொள்கிறது. பகலும் இரவும் ஐந்தாறு டிகிரி மட்டுமே வித்தியாசப்படுகிற ஈரமான வெப்பமண்டலத்தில் இந்தக் கடனை அடைக்க வழியே இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் பழைய வீடுகள் ஏன் கால்களின் மேல் நிற்கும் மர வீடுகளாக, மூங்கில் தட்டியும் செங்குத்தான கீற்றுக் கூரையுமாக இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அங்கே நிழலும் காற்றோட்டமும்தான் குளிர்ச்சி. சுவர் எவ்வளவு லேசோ அவ்வளவு சீக்கிரம் ஆறும்.

உருகிக் குளிர்விக்கும் பொருள்கள் என்று இப்போது விற்கப்படுகிறவைக்கும் இதே கதைதான். மெழுகு அல்லது தாவரக் கொழுப்பு அமிலங்களைச் சுவர்ப் பலகைக்குள் அடைத்து வைக்கிறார்கள், உருகும்போது அது வெப்பத்தை விழுங்கும். தேங்காய் எண்ணெய்கூட 24 டிகிரி வாக்கில் உருகுவதால் ஆய்வுகளில் பயன்படுகிறது. ஆனால் ராத்திரியில் அது மறுபடி உறைய வேண்டுமே. இரவு 27 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் அது கோடை முழுக்க எண்ணெயாகவே கிடக்கும், ஒரு பயனும் இல்லை. தீப்பிடிக்கும் பொருள் சுவருக்குள் இருக்கிறது என்பது மட்டும்தான் மிச்சம்.

சுற்றுச்சூழல் கணக்குக்கு வருகிறேன். மண்கல்லும் திமிசு மண்சுவரும் சூளை ஏறாதவை, இடித்தால் மறுபடி மண். ஆனால் மழைக்குப் பயந்து இப்போது பல இடங்களில் 5 முதல் 10 சதவீதம் சிமெண்ட் கலக்கிறார்கள். 40 சென்டிமீட்டர் சுவரில் 8 சதவீதம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 64 கிலோ சிமெண்ட். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவருக்கே ஏறக்குறைய 50 கிலோதான் போகும்! மண் வீடு என்று பெயர், உள்ளே கான்கிரீட்டைவிட அதிக சிமெண்ட். உலகின் கார்பன் டைஆக்சைடு வெளியீட்டில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் பரப்பிய அழுத்த மண்கற்களில் சிமெண்ட் பொதுவாக 5 சதவீத அளவில் நிற்பதும், சுவரின் தடிமன் குறைவாக இருப்பதும் இந்தக் கணக்கில் அவற்றுக்குச் சாதகம். நல்ல அடித்தளமும் நீண்ட தாழ்வாரமும் கொடுத்து மழையை விலக்கிவிட்டால் கலப்பே இல்லாத மண்சுவர் தாராளமாக நிற்கும். மண்சுவரின் மேல் சிமெண்ட் பூசுவது அடுத்த தப்பு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற முடியாமல் சுவரை உள்ளிருந்தே அரித்துவிடும். மண்ணுக்கு மண் பூச்சு அல்லது சுண்ணாம்புப் பூச்சுதான்.

செங்கல்லை விட முடியாதவர்களுக்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் நடுவே காற்றறை விழும். செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், வெப்பமும் குறைவாகக் கடக்கும்.

தடுக்கிற பொருள்களில் வைக்கோலுக்கு என் மனதில் தனி இடம் உண்டு. வயலில் கொளுத்தப்படும் ஒரு கிலோ வைக்கோலுக்குள் கிட்டத்தட்ட 1.4 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமமான கார்பன் இருக்கிறது. கட்டுகளாக அழுத்திச் சுவருக்குள் வைத்தால் அந்தக் கார்பன் வீடு இருக்கும்வரை அங்கேயே இருக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மரமே கிடைக்காத மணல்மேடுகளில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய முறை இது. தீப்பிடிக்குமே என்று பயப்படுவது இயல்பு, ஆனால் இறுக அழுத்தி இருபுறமும் சுண்ணாம்பு பூசிய வைக்கோல் சுவர் இரண்டு மணி நேரத் தீச் சோதனைகளைத் தாண்டியிருக்கிறது. அதன் உண்மையான எதிரி ஈரம். கட்டுக்குள் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் அழுகத் தொடங்கும், கறையானும் உண்டு. தொழிற்சணல் (ஹெம்ப்) தண்டைச் சுண்ணாம்போடு குழைத்துச் செய்யும் ஹெம்ப்கிரீட் ஈரத்தை இதைவிட நன்றாகச் சமாளிக்கும், ஆனால் பாரம் தாங்காது, மரச்சட்டம் வேண்டும். தக்கை இன்னும் நேர்த்தியானது. ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்தெடுத்து, துகளாக்கி நீராவியில் சூடாக்கினால் அதன் சொந்தப் பிசினே ஒட்டிக்கொள்ளும், பசையே தேவையில்லை. தெர்மோகோல் இதே வேலையை மலிவாகச் செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் எரிந்தால் நச்சுப்புகை, இடித்தால் அழியாத குப்பை.

தண்ணீர் ஆவியாகும்போது குளிர்விப்பதை மண்பானையில் எல்லோரும் அறிவோம். ஒரு லிட்டர் ஆவியாக 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சுடுமண் குழாய்களை அடுக்கி நனைத்துக் காற்றைச் செலுத்துவது வறண்ட ஊரில் அபாரமாக வேலை செய்யும். ஈரக்காற்றில் நீர் ஆவியாகவே மறுக்கும், இருக்கிற புழுக்கமும் கூடும்.

ஏற்கெனவே கட்டி முடித்த கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள்தான் உலகில் பெரும்பாலோர், அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? கூரைக்கு வெள்ளை, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல். உள்ளே போடும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் பிடிக்கிறது. மூங்கில் தட்டியோ மரச்சட்டமோ கொடியோ வெளியே இருந்தால்தான் சூடு வெளியிலேயே நிற்கும். அப்புறம் காப்புப் பலகை. இதைப் பலர் வசதிக்காகத் தளத்தின் அடியில், பொய்க்கூரைக்கு மேல் போடுகிறார்கள். தளத்தின் மேலே போட்டு அதற்கும் மேல் நீர்க்காப்பும் ஓடும் பதிப்பது நல்லது, அப்போது கான்கிரீட் வெயிலைப் பார்க்காமல் அறையின் பக்கம் நின்று, இரவில் குளிர்கிற ஊர்களில் உங்களுக்காக வேலை செய்யும். வெள்ளைப் பூச்சு வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் பிரதிபலிப்பு எண் புதுப் பூச்சுக்கானதா, மூன்று ஆண்டு வெயிலிலும் தூசியிலும் கிடந்த பிறகு அளந்ததா என்று கேளுங்கள். கூரைப் பொருள்களை மதிப்பிடும் அமைப்புகள் இரண்டையும் தனித்தனியாக வெளியிடுகின்றன. விற்கிறவர் முதல் எண்ணை மட்டும் சொன்னால் இரண்டாவதைக் கேட்டு வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.